சுங்கம் தவிர்க்கலாமா? கனடிய வாக்காளர் இருமுறை அளித்த விடை

'சுங்கம் தவிர்த்த சோழன்' என்னும் விருதுப்பெயரைத் தமிழர் நன்கறிவர். கி.பி. 1070 முதல் 1120 வரை ஆண்ட முதற் குலோத்துங்கன், தன் நாட்டில் சுங்கத்தை நீக்கியதால் அப்பெயர் பெற்றான். அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பொதிகளின்மேல் புலி முத்திரை பொறித்துச் சுங்கம் கொண்ட செய்தியைப் பட்டினப்பாலையால் அறிகிறோம். சுங்கம் கொள்ளுதலும் தவிர்த்தலும் அந்நாளில் மன்னனது ஆணையைப் பொறுத்தன. குடிகளின் வாக்கைக் கேட்டு எந்த மன்னனும் சுங்கச் சாவடியைத் திறக்கவில்லை, மூடவுமில்லை.

மக்களாட்சி தோன்றிய பின்னர் நிலைமை மாறியது. அயல்நாட்டுச் சரக்குக்கு வரி விதிக்கலாமா, விலக்கலாமா என்னும் கேள்வி அரசவையை விட்டு இறங்கிப் பொதுமக்களின் வீட்டு வாயிலுக்கு வந்தது. பொருளியல் அறிஞர்கள் ஏடுகளில் வாதிட்ட பொருளைப் பற்றிக் கணக்கரும் மேற்பார்வையாளரும் உழவரும் தம் வாக்குச்சீட்டால் தீர்ப்புரைக்க வேண்டிய காலம் பிறந்தது. இக்கேள்வியையே தலையாய பொருளாக வைத்து இருமுறை பொதுத்தேர்தல் நடத்திய நாடு கனடா. 1911-ஆம் ஆண்டில் 'வேண்டா' என்றும், 77 ஆண்டுகள் கழித்து 1988-ஆம் ஆண்டில் 'வேண்டும்' என்றும் அந்நாட்டுத் தேர்தல்கள் விடை தந்தன. இவ்விரு விடைகளும் ஏன் மாறுபட்டன, விடையளித்த மக்களின் உள்ளத்தில் இருந்த அச்சம் யாது, அவ்வச்சத்துக்கு ஆட்சியாளர் செய்த மறுமொழி யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவர் எழுந்த வரலாறு

கனடா பரப்பளவில் மிகப் பெரிய நாடு. ஆயினும் அதன் மக்களிற் பெரும்பாலோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் எல்லையை ஒட்டிய குறுகிய நிலப்பகுதியிலேயே வாழ்கின்றனர். ஆதலின் அவர்களுக்கு அயல்நாட்டு வாணிகம் என்பது பெரும்பாலும் தெற்கே உள்ள ஒரே அண்டை நாட்டோடு நிகழும் வாணிகமே. 1854-இல், பிரிட்டிஷ் குடியேற்றங்களாக இருந்த காலத்திலேயே, விளைபொருள்களை இருபுறமும் வரியின்றி விற்பதற்கு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 1866-இல் அமெரிக்கா அதனைக் கைவிட்டது. அடுத்த ஆண்டிலேயே கனடியக் கூட்டாட்சி பிறந்தது.

புதிய நாட்டின் முதற் பிரதமரான சர் ஜான் மக்டனால்டு, 1879-இல் 'தேசியக் கொள்கை' என்ற பெயரால் உயர்ந்த காப்பு வரிகளை விதித்தார். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கனடிய பசிபிக் இருப்புப்பாதை 1885-இல் நிறைவுற்றது. வடக்கு தெற்காக ஓட விரும்பிய வாணிகத்தை வரிச்சுவரும் இருப்புப்பாதையும் சேர்ந்து கிழக்கு மேற்காகத் திருப்பின.

இச்சுவருக்கு எவரும் எளிதில் எதிர்பாராத ஒரு விளைவு இருந்தது. வரியைக் கடந்து சரக்கை அனுப்புவதைவிட, வரிக்கு உட்புறத்திலேயே ஆலை அமைப்பது மலிவு என்று அமெரிக்க நிறுவனங்கள் கண்டன. ஒண்டாரியோ மாநில நகரங்களில் கிளைத் தொழிற்சாலைகள் பல எழுந்தன. ஆலை வந்தால் தொழிலாளர் மட்டுமா வருவர்? கணக்கர், தட்டெழுத்தர், பொறியாளர், விற்பனையாளர், மேற்பார்வையாளர் அனைவரும் உடன் வந்தனர். சொந்த வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வி, முதுமையில் ஓய்வூதியம் என்ற நம்பிக்கையோடு வாழும் ஒரு நடுத்தர வகுப்பு, வரிச்சுவரின் நிழலில் மெல்ல வளர்ந்தது. கனடாவில் நடுத்தர வகுப்பு என்றால் மேசையருகே அமர்ந்து எழுதுவோர் மட்டும் அல்லர். நல்ல ஊதியம் பெற்ற ஆலைத் தொழிலாளரும் தம்மை அவ்வகுப்பினராகவே எண்ணினர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆனால் அந்நிழலின் செலவை மற்றொருவர் ஏற்க வேண்டியிருந்தது. மேற்கே சமவெளியில் கோதுமை விளைவித்த உழவர், தம் தானியத்தை உலகச் சந்தை விலைக்கு விற்றனர். ஏரையும் அறுவடைக் கருவியையுமோ வரியால் உயர்ந்த விலைக்கு வாங்கினர். நகரத்தாரின் வேலைப் பாதுகாப்பு நாட்டுப்புறத்தாரின் தோளிற் சுமையாக ஏறியது. இப்பிணக்கே 1911-இல் வெடித்தது.

1911: 'வேண்டா' என்ற விடை

அந்நாளில் பிரதமராக இருந்தவர் லிபரல் கட்சித் தலைவர் சர் வில்பிரட் லாரியர். 1910-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் மேற்கு மாநிலங்களிற் சுற்றுப்பயணம் செய்தபோது, சென்ற இடமெல்லாம் உழவர்கள் வரிக்குறைப்பை வேண்டினர். அவ்வாண்டு டிசம்பரில் நூற்றுக்கணக்கான உழவர்கள் தலைநகர் ஒட்டாவாவுக்கே திரண்டு வந்து முறையிட்டனர். 1911 ஜனவரியில் லாரியர் அரசு, அமெரிக்கத் தலைவர் டாப்டின் அரசோடு உடன்பாடு கண்டது. தானியம், கால்நடை, மீன், கனி முதலியவற்றுக்கு இருபுறமும் வரி நீங்கும். உழவுக் கருவிகள் போன்ற சிலவற்றுக்கு வரி குறையும். பெரும்பாலான ஆலைப் பொருள்களை அவ்வுடன்பாடு தொடவேயில்லை.

தொடாவிடினும் நகரங்கள் நடுங்கின. 'இன்று கோதுமைக்குத் திறக்கும் கதவு நாளை துணிக்கும் இரும்புக்கும் திறவாதா?' என்பதே ஆலை முதலாளிகளும் அவர்களை நம்பி வாழ்ந்தோரும் எழுப்பிய கேள்வி. லாரியரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த 18 டொரண்டோ வணிகப் பெருமக்கள் அவருக்கு எதிராக அறிக்கை வெளியிட்டனர். சரக்கு தெற்கே போய்விட்டால் கிழக்கு மேற்கு இருப்புப்பாதையின் வருவாய் என்னாகும் என்ற வினாவும் எழுந்தது; இருப்புப்பாதை அலுவலகங்களில் எழுதிப் பிழைத்தோர்க்கும் அவ்வினா பொருளுடையதே.

இந்நிலையில் அமெரிக்கச் சட்டமன்றத் தலைவர்களுள் ஒருவரான சாம்ப் கிளார்க், அமெரிக்கக் கொடி வடதுருவம் வரையிலும் பறக்கும் நாளைக் காண விரும்புவதாகப் பேசிவிட்டார். அச்சத்தீக்கு அப்பேச்சு நெய்யாயிற்று. வரியைப் பற்றிய வாதம் நாட்டின் உயிரைப் பற்றிய வாதமாக மாறியது. ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கும் கனடியரை எச்சரித்து நாளிதழில் எழுதினார்.

1911 செப்டம்பர் 21-இல் தேர்தல் நடந்தது. ராபர்ட் போர்டன் தலைமையிலான கன்சர்வேடிவ் கட்சி பெருவெற்றி பெற்றது. ஆலைகள் நிறைந்த ஒண்டாரியோ லாரியரைக் கைவிட்டது. கோதுமை விளைந்த சஸ்காச்சுவானும் ஆல்பர்ட்டாவும் அவர் பக்கமே நின்றன. கியூபெக்கில் கடற்படைச் சிக்கல் முதலிய வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் வாக்காளர் தம் பிழைப்பு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே பெரிதும் சாய்ந்தனர். உடன்பாடு மடிந்தது. கனடியப் பெண்களுக்கு நாட்டுப் பொதுத்தேர்தலில் வாக்குரிமை அன்று இல்லை. வீட்டுச் செலவைக் கணக்கிட்டு, விலையின் ஏற்ற இறக்கத்தை நாள்தோறும் உணர்ந்தவர்கள் அத்தீர்ப்பிற் பங்கு கொள்ளவில்லை என்பதும் கருதத்தக்கது.

இடைக்காலத்து ஓர் உடன்படிக்கை

இரு தேர்தல்களுக்கும் இடையே, 1965-இல், கார்த் தொழிலுக்கென ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. கார்களும் உறுப்புகளும் எல்லையைக் கடக்க வரியில்லை. ஆனால் அவ்வுரிமையைப் பெற விரும்பும் நிறுவனம், கனடாவில் தான் விற்கும் கார்களின் அளவுக்கு ஏற்பக் கனடாவிலேயே குறிப்பிட்ட அளவு உற்பத்தி செய்தாக வேண்டும். கதவைத் திறந்தபோதே வேலைக்கும் உறுதி பெற்றுக்கொண்ட ஏற்பாடு அது. வின்சர், ஓஷாவா முதலிய நகரங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவ்வேற்பாட்டின்கீழ் நடுத்தர வாழ்வை எய்தின. தடையிலா வாணிகமும் வேலைப் பாதுகாப்பும் ஒன்றற்கொன்று பகையாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை என்பதற்கு அது சான்றாக நின்றது. பின்னாளில் உலக வாணிக அமைப்பின் தீர்ப்பால் 2001-இல் அவ்வுடன்படிக்கை முடிவுக்கு வந்தது.

1980-களில் காற்று மாறி வீசியது. கனடிய ஏற்றுமதியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அமெரிக்காவுக்கே சென்றது. அந்த அமெரிக்காவோ தன் ஆலைகளைக் காக்க வரி விதிக்கத் தலைப்பட்டது. 1986-இல் கூரை வேயும் தேவதாருப் பலகைகளுக்கு 35 விழுக்காடு வரி விதித்தது. கட்டட மரத்தைப் பற்றியும் பெரும் வழக்கு எழுந்தது. இப்போது அச்சம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. அயலார் சரக்கு வந்து நம் வேலையைப் பறிக்குமோ என்று அஞ்சிய நாடு, நம் சரக்கு வெளியே போகாமல் வேலை அழியுமோ என்று அஞ்சத் தொடங்கியது. 1985-இல் அரசு ஆய்வுக் குழு ஒன்று, அமெரிக்காவோடு தடையிலா வாணிக உடன்படிக்கை காண்பதே தக்கது எனப் பரிந்துரைத்தது.

1988: 'வேண்டும்' என்ற விடை

கட்சிகளும் இடம் மாறிக்கொண்டன. 1911-இல் தடையிலா வாணிகத்தை எதிர்த்து வென்ற கன்சர்வேடிவ் கட்சியே 1988-இல் அதனை முன்னின்று நடத்தியது; அன்று அதற்காகப் பதவியிழந்த லிபரல் கட்சி இன்று எதிர்த்தது. பிரதமர் பிரையன் மல்ரோனியும் 1983-இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது இத்தகைய உடன்பாட்டை ஏற்காதவரே. 1988 ஜனவரி 2-இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பத்தாண்டுகளில் வரிகள் படிப்படியாக நீங்கும் என்பது அதன் சாரம். லிபரல் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த மேலவை, மக்களின் தீர்ப்பு வரும்வரை சட்டத்தை நிறைவேற்ற மறுத்தது. பொதுத்தேர்தல் தவிர்க்க முடியாததாயிற்று.

அத்தேர்தலில் நிகழ்ந்த விவாதம் மக்களாட்சி வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. 1988 அக்டோபர் 25-இல் தொலைக்காட்சியில் நடந்த ஆங்கில விவாதத்தில், லிபரல் தலைவர் ஜான் டர்னர், ஒரு கையெழுத்தால் நாட்டின் தன்னுரிமையையே பிரதமர் விட்டுக்கொடுத்தார் என்று குற்றஞ்சாட்டினார். மல்ரோனி தம் நாட்டுப்பற்றை ஐயுறுவதா என்று சினந்தார். இரு பேச்சாளர்கள் அமர்ந்து உடன்படிக்கையை முடிக்கும்போது அமெரிக்கர் ஒருவர் நிலப்படத்திலிருந்து எல்லைக்கோட்டையே அழித்துவிடுவதாக லிபரல் கட்சி விளம்பரம் காட்டியது. அக்கோட்டை மீண்டும் வரைந்து காட்டிக் கன்சர்வேடிவ் கட்சி மறுவிளம்பரம் செய்தது. வணிக நிறுவனங்களின் கூட்டமைப்பு நாளிதழ்களில் பக்கம் பக்கமாக விளம்பரம் வெளியிட்டது. எதிர்ப்பாளர் அமைப்போ படக்கதைச் சிறுநூலை வீடுதோறும் சேர்ப்பித்தது.

இவ்வாரவாரத்தின் நடுவே, நடுத்தரக் குடும்பத்தார் உணவு மேசையிற் பேசிய பொருள் எளியது. கிளைத் தொழிற்சாலை எதற்காக இங்கே வந்தது? வரியைத் தவிர்ப்பதற்காக. வரியே இல்லையென்றால் அது ஏன் இங்கே இருக்க வேண்டும்? ஆலை போனால் அதன் கணக்குப் பிரிவும் விற்பனைப் பிரிவும் தெற்கே போய்விடாவோ? எழுத்தர்கள் செய்துவந்த தகவல் தொகுப்பு வேலையை எல்லைக்கு அப்பால் கணிப்பொறிகள் செய்துவிடாவோ? அரசு நடத்தும் மருத்துவக் காப்புத் திட்டம் நிலைக்குமா? இவை எதிர்ப்போரின் வினாக்கள். ஆதரித்தோரும் வேலையைப் பற்றியே பேசினர். அமெரிக்கச் சந்தையின் வாயில் என்று வேண்டுமானாலும் அடைபடலாம் என்ற நிலையில் எந்த முதலாளி புதிய ஆலையைக் கனடாவில் அமைப்பான்? சிறு சந்தைக்குச் சிறு அளவில் உற்பத்தி செய்யும் ஆலை எத்தனை நாள் உயிர்வாழும்? இருவர் வாதத்திலும் உண்மை இருந்தது. அதனாற்றான் வாக்காளர் கருத்துக் கணிப்புகள் கிழமைக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

1988 நவம்பர் 21-இல் வாக்களிப்பு நடந்தது. மல்ரோனியின் கட்சி 43 விழுக்காடு வாக்குப் பெற்று, 295 இடங்களில் 169-ஐக் கைப்பற்றியது. எதிர்த்த லிபரல் கட்சியும் புதிய சனநாயகக் கட்சியும் சேர்ந்து ஏறத்தாழ 52 விழுக்காடு வாக்குப் பெற்றன. ஆயினும் வாக்குகள் பிரிந்தமையால் 126 இடங்களே கிட்டின. ஆல்பர்ட்டாவில் 26-க்கு 25, கியூபெக்கில் 75-க்கு 63 என்று ஆளுங்கட்சி வாரிச் சென்றது. ஆலைகளின் தாயகமான ஒண்டாரியோவிலோ 99-க்கு 46 தான். 1989 ஜனவரி முதல் நாள் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வாக்கும் உடன்படிக்கை ஒன்றையே கருதி இடப்பட்டது என்று கூறுவதற்கில்லை. எனினும், வாக்களித்தோரிற் பெரும்பாலோர் எதிர்த்த கட்சிகளுக்கு வாக்களித்திருக்க, நாடு 'வேண்டும்' என்றது என்பது அத்தேர்தலின் விந்தையாகும்.

யார் கூறியது மெய்யாயிற்று?

பின்னர் நடந்தது என்ன? 1990-ஐ ஒட்டிக் கனடாவைக் கடும் பொருளாதாரச் சரிவு தாக்கியது. உயர்ந்த வட்டி விகிதமும், அமெரிக்க நாணயத்திற்கு எதிராக உயர்ந்திருந்த கனடிய நாணய மதிப்பும் ஆலைகளை வருத்தின. எந்த ஆலை வட்டியால் மூடப்பட்டது, எது உடன்படிக்கையால் மூடப்பட்டது என்று வேலையிழந்தவரால் எவ்வாறு பிரித்தறிய இயலும்?

அதனைப் பிரித்தறிய முயன்றவர் டொரண்டோ பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் டேனியல் டிரெப்ளர். 2004-இல் வெளிவந்த அவரது ஆய்வின்படி, கனடிய வரி மிக ஆழமாகக் குறைக்கப்பட்ட தொழில்களில் வேலைவாய்ப்பு 12 விழுக்காடு குறைந்தது. அதே தொழில்களில் தொழிலாளர் ஒருவருக்கான உற்பத்தித் திறன் 15 விழுக்காடு உயர்ந்தது. திறன் குறைந்த ஆலைகள் சுருங்கின. திறன் மிக்கவை எஞ்சின. ஆதலின் சராசரி உயர்ந்தது. பொருளியலார் 'உற்பத்தித் திறன் உயர்ந்தது' என்று எழுதியதும், ஆலை வாயிலில் நின்றவர் 'வேலை போயிற்று' என்று வருந்தியதும் ஒரே நிகழ்ச்சிக்கு இருவர் இட்ட இரு பெயர்களே.

எனவே 1988-இன் விவாதத்தில் இரு பக்கத்தாரும் பாதி வென்றனர், பாதி தோற்றனர் எனலாம். 1990-களின் பிற்பகுதியில் ஏற்றுமதி பெருகியது. நாடு அமெரிக்காவோடு இணைந்துவிடவில்லை. மருத்துவக் காப்புத் திட்டமும் அழியவில்லை. ஆனால் ஆதாயம் நாடெங்கும் மெல்லிய மழைத்தூறலாகப் பரவிப் பெய்தது. இழப்போ சில ஊர்களில், சில தெருக்களில், இடியாக விழுந்தது. சட்டையின் விலை சிறிது குறைந்ததை ஒருவரும் நினைவிற் கொள்ளவில்லை. தையல் ஆலை மூடப்பட்ட நாளை அங்கே வேலை செய்த பெண்கள் மறக்கவில்லை. அவர்களுட் பலர் வேற்று நாட்டிலிருந்து குடியேறியவர்கள். புதிய மொழியில் வேறு வேலை தேடுவது அவர்களுக்கு எளிதன்று.

வாக்குச்சீட்டில் இல்லாத கேள்வி

இவ்விடத்தில்தான் இவ்வரலாற்றின் உட்பொருள் விளங்குகிறது. 1911-இலும் 1988-இலும் வாக்காளரிடம் 'சுங்கம் வேண்டுமா, வேண்டாவா?' என்று கேட்டனர். வாக்காளர் உள்ளத்தில் இருந்த கேள்வியோ வேறு: 'என் வேலை போனால் என்னோடு யார் நிற்பார்?' என்பதே அது. 1911-இல் அக்கேள்விக்கு விடை இல்லாமையால் மக்கள் அச்சத்தின் பக்கம் சாய்ந்தனர். அதன் பயனாக மேற்கு உழவர் மேலும் பல ஆண்டுகள் உயர்விலைச் சுமையைத் தாங்கினர். 1988-இல், வேலையிழப்போர்க்குச் சிறந்த மறுவாழ்வுத் திட்டங்கள் உண்டு என்று ஆளுங்கட்சி உறுதி கூறியது. ஆனால் 1990-இலோ, வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்கு மைய அரசு தன் பொது வருவாயிலிருந்து அளித்துவந்த பங்கு நிறுத்தப்பட்டது. அதன்பின் அந்நிதி தொழிலாளரும் முதலாளிகளும் செலுத்தும் தொகையையே நம்பி நின்றது. குடை மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அது சிறிதாயிற்று.

1993 அக்டோபரில் நடந்த பொதுத்தேர்தலில் அக்கட்சி 169 இடங்களிலிருந்து 2 இடங்களுக்கு வீழ்ந்தது. புதிய விற்பனை வரி, அரசியல் சட்டத் தகராறு எனக் காரணங்கள் பல உண்டு. வேலையிழந்தோரின் மனக்கசப்பும் அவற்றுள் ஒன்று. வென்ற லிபரல் கட்சியோ, மெக்சிகோவையும் சேர்த்து விரிவாக்கப்பட்ட உடன்படிக்கையை 1994 ஜனவரி முதல் தானே நடைமுறைப்படுத்தியது. திறந்த கதவை மூடுவதற்கும் விலை உண்டு என்பதை ஆட்சிப் பொறுப்பு கற்பித்தது போலும்.

2025-இல் வரலாறு மற்றுமொரு திருப்பம் கண்டது. அமெரிக்க அரசு கனடாவின் எஃகு, அலுமினியம், கார் முதலியவற்றின்மேல் புதிய வரிகளை விதித்தது. எந்த லிபரல் கட்சி 1988-இல் தடையிலா வாணிகத்தை எதிர்த்ததோ, அதே கட்சி 2025 ஏப்ரல் தேர்தலில் அவ்வரிகளை எதிர்த்து நிற்பதாகக் கூறி வாக்குக் கேட்டு ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. 1989-க்குப் பின் திறந்த வாயிலை நம்பியே ஒரு புதிய தலைமுறையின் நடுத்தர வேலைகள் அமைந்துவிட்டன. இப்போது வாயில் அடைபடுவதே அவர்களின் அச்சம். கட்சிகள் இடம் மாறின. கதவு திறந்தது, மீண்டும் அசைந்தது. வாக்காளரின் அச்சம் மட்டும் மாறவில்லை.

1983-க்குப் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறிய நாடு அது. இங்கே பிழைப்பின்பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, அயல்மொழி வழங்கும் நகரங்களில் வேரூன்றிய நமக்கும் இவ்வரலாறு அந்நியமன்று. வேலை என்பது திங்கள்தோறும் வரும் ஊதியம் மட்டுமன்று. பிள்ளை படிக்கும் பள்ளி, அண்டை வீட்டாரின் உறவு, முதுமையைப் பற்றிய துணிவு ஆகிய அனைத்தும் அதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை நாம் ஏட்டிற் படித்து அறிய வேண்டியதில்லை. ஆதலின் வேலைக்கு அஞ்சி வாக்களித்தவரை அறிவிலி என்றோ, மலிவை விரும்பி வாக்களித்தவரை நாட்டுப்பற்று இல்லாதவர் என்றோ இகழ்தல் தகாது.

கதவைத் திறப்பதாற் பெறும் ஆதாயம் நாட்டுக்குப் பொதுவாயின், அதனால் விளையும் இழப்பும் நாட்டுக்குப் பொதுவாதல் வேண்டும். கனடிய வாக்காளரிடம் இருமுறையும் கதவைப் பற்றிக் கேட்டனர். இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறையைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை. இனி எந்த நாட்டில் இவ்விவாதம் எழுந்தாலும், வாக்குக் கேட்டு வருவோரிடம் மக்கள் முதலிற் கேட்க வேண்டியது அதுவே.